குதிரையில்லாத துப்பாக்கி

கோலார் தங்கவயல் என்றதும் முன்பெல்லாம் கேட்பவர்க்குப் பொன் நினைவுக்கு வரும். 2018-ஆம் ஆண்டில் அப்பெயரைத் தாங்கிய கன்னடத் திரைப்படம் வெளிவந்த பிறகு துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது! பங்காருபேட்டையிலிருந்து வந்து நம்மோடு பயிலும் தோழர்களை, "உங்கள் ஊரில் ஆளுக்கொரு துப்பாக்கியாமே?" என்று கேலி செய்வது விடுதியில் வழக்கமாகிவிட்டது. கேலி அத்தோடு நின்றால் பாதகமில்லை. அது வளர்ந்து, மேனாட்டுச் சிறு கைத்துப்பாக்கிகளுள் எது சிறந்தது, கிளாக்கா, சிக் சாவரா, ஸ்மித் அண்டு வெஸ்ஸனா என்று நள்ளிரவு வரை பட்டிமன்றமே நடக்கிறது. எடை எத்தனை கிராம், தோட்டா எத்தனை கொள்ளும், எந்த நாட்டுப் படை வாங்கியது என்றெல்லாம் பேசுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. சும்மா கிடக்கும்போது அத்துப்பாக்கியின் வில் எவ்வளவு இறுகியிருக்கிறது, அதனைத் தடுத்து நிற்பது எது என்பதே அக்கேள்வி.

இதன் அருமையை அறிய மேனாட்டுக்குப் போக வேண்டியதில்லை. தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த முதியவர் எவரையேனும் கேட்டாலே போதும்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய அச்சுரங்கங்கள், 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்படும் வரையில், பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டன. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற நம்மவர் அங்கே பாறையில் துளையிட்டு, வெடி வைத்து, பொன் கலந்த கல்லை வெளியே கொணர்ந்தனர். பாறையில் வைக்கும் வெடிமருந்துக் குச்சிக்கும் தமிழில் 'தோட்டா' என்றே பெயர். அந்தத் தோட்டா ஓரளவு சாது. தானாக எளிதில் வெடிக்காது. அதனை எழுப்பிவிடும் சிறு டெட்டனேட்டர் இருக்கிறதே, அதுதான் முன்கோபி. ஆதலால் இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாகாது, தனித்தனியே கொண்டு செல்ல வேண்டும் என்பது சுரங்கத்தின் விதி. துளையின் வாயருகே வந்த பின்னரே அவை ஒன்று சேரும். சேர்ந்துவிட்டால் அந்த இடத்துக்குரிய ஒழுங்கே வேறு.

கைத்துப்பாக்கியின் தோட்டாவிலோ இவ்விரண்டும் பிறக்கும்போதே சேர்ந்து பிறக்கின்றன. பித்தளைக் கூட்டின் வாயில் ஈயக்குண்டு, வயிற்றில் மருந்து, அடியில் ஒரு சிறு கேப்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் தட்டி வெடிக்கும் கேப்பின் பெரியண்ணன் என்று அதனைச் சொல்லலாம். கேப்பைக் கூரிய முனையொன்று ஓங்கிக் குத்தினால் மருந்து பற்றுகிறது, குண்டு பாய்கிறது. ஆகவே துப்பாக்கியில் நாம் பிரித்து வைக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான்: கேப்பையும், அதனைக் குத்தும் முனையையும். எந்தக் கம்பெனி இவ்விரண்டையும் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பழைய துப்பாக்கிகளில் பின்புறம் ஒரு சுத்தி நிமிர்ந்து நிற்கும். அதனை நம்மவர் 'குதிரை' என்றனர். (விசையையே குதிரை என்பாரும் உளர்.) விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து முனையை அடிக்கும்; முனை கேப்பைக் குத்தும். இக்குதிரைக்கு ஒரு நற்குணம் உண்டு. அது தலை தூக்கி நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இருட்டில் கட்டை விரலாலும் தடவி அறியலாம்.

நாம் பேச வந்த வகையில் குதிரையே கிடையாது. துப்பாக்கியின் மேற்பகுதிக்குள், தோட்டாவின் நேர் பின்னால், வில்லோடு கூடிய ஓர் எஃகு ஊசி படுத்திருக்கிறது. வில் இறுகியிருக்கும்போது ஒரு கொக்கி அதனைப் பிடித்து வைக்கிறது. விசையை இழுத்தால் கொக்கி விடுகிறது. ஊசி நேரே பாய்ந்து குத்துகிறது. மேனாட்டார் ஸ்டிரைக்கர் என்னும் இதனை நாம் 'குத்தூசி' என்று அழைப்போம். எழுத்தாலேயே குத்திய குத்தூசி குருசாமி அவர்களை அறிந்தவர்க்கு இப்பெயர் மறக்காது! குதிரை இல்லாததால் சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது எதுவும் துணியில் மாட்டாது, உறுப்புகள் குறைவு, செய்வதும் எளிது. சிறிய துப்பாக்கிக்கு இம்முறை பொருந்துவதன் காரணம் இதுவே.

இது புதுமை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் இதற்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் வகுத்து, பெல்ஜியத்தில் எர்ஸ்டால் நகரத்து எஃப்.என். தொழிற்சாலை செய்து விற்ற 1900-ஆம் ஆண்டு மாதிரியே குத்தூசி வகைதான். தமிழ்நாட்டின் வரலாற்றிலும் அத்தொழிற்சாலையின் பெயர் ஏறியிருக்கிறது. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரெயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டு, பின் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கி. அதற்கு ஈராண்டு முன்னரே லண்டனிலிருந்து இருபது பிரௌனிங் துப்பாக்கிகளை இந்தியாவுக்கு அனுப்பியதாகச் சாவர்க்கர் மீது வழக்கு எழுந்தது. மறைத்துக் கொண்டு செல்லத்தக்க அளவே அவற்றுக்கு அந்நாளில் இத்துணைக் கிராக்கியை உண்டாக்கிற்று.

ஆனால் 1900-ஆம் ஆண்டு மாதிரியில் ஊசி முழு வேகத்துக்கும் இறுகி நிற்கும். பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல்தான் காவல். பையில் போட்டுக்கொண்டு நடப்பவனுக்கு அது போதுமா? போதாது என்று பிரௌனிங்கே எண்ணியிருக்க வேண்டும். ஏனெனில் அவர் வகுத்த 1910 மாதிரியில் மூன்று காவல்கள் காணப்படுகின்றன. கைப்பிடியின் பின்புறத்தை உள்ளங்கை அழுத்தினாலன்றிச் சுடாது. தோட்டாப் பெட்டியாகிய மாகசினைக் கழற்றிவிட்டால் சுடாது. பக்கத்து நெம்புகோலும் உண்டு. 1914-இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று முதல் உலகப்போருக்கு வழி திறந்தது இந்த 1910 மாதிரியே. காவல்கள் எத்தனை இருந்தாலும் சுட நினைத்தவனை அவை தடுப்பதில்லை. சுட நினையாதவன் கையில் வெடித்துவிடாமல் தடுப்பதே அவற்றின் வேலை.

இனி விடுதிப் பட்டிமன்றத்துப் பெயர்களுக்கு வருவோம். காஸ்டன் கிளாக் என்னும் ஆஸ்திரியர் துப்பாக்கித் தொழிலுக்கே புதியவர்; திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். அவர் செய்த துப்பாக்கியை 1982-இல் ஆஸ்திரியப் படை ஏற்றது. அதன் சிறு வடிவமான கிளாக் 19, 1988-இல் வந்தது. இவருடைய உபாயம் யாதெனில், ஓய்வில் இருக்கும்போது ஊசியின் வில்லை முழுதும் இறுக்காமல் ஓரளவே இறுக்கி வைப்பது. விசையை இழுக்கும் விரலே மீதியை இறுக்கி, பின்பு விடுகிறது. அதுவுமன்றி ஊசியின் வழியில் ஓர் எஃகு முளை குறுக்கே நிற்கிறது. விசை பின்னே வந்தால்தான் அம்முளை விலகும். விசையின் நடுவில் ஒரு சிறு நாக்கு இருக்கிறது. விரல் அதனை அழுத்தாவிடில் விசையே நகராது. கீழே விழுந்தாலும் வெடியாமல் இருக்கவே இவ்வளவும். தள்ளிவிடும் நெம்புகோல் ஒன்றும் கிடையாது. இதனைப் பலர் குறை என்பர். என் கருத்தில் உறையின்றி இடுப்பில் செருகுபவனுக்கே இது பெருங்குறை. சட்டை நுனியோ சாவிக்கொத்தோ நாக்கை அழுத்தினாலும் அதற்கு அது விரல்தான்!

சிக் சாவர் கம்பெனியின் வழி வேறு. 2018-இல் வந்த அதன் பி365, உள்ளங்கைக்குள் அடங்கும் உடலில் பத்துத் தோட்டாக்களைத் திணித்து வாணிபத்தையே புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டே கிளாக் கம்பெனியாரும் பத்துத் தோட்டா கொள்ளும் 43எக்ஸ் மாதிரியைக் கொணர வேண்டியதாயிற்று. பி365-இல் ஊசி முழுதும் இறுகியே நிற்கும். விசை கொக்கியை விடுவிப்பது மட்டுமே. அதனால் விசை இலேசாகவும் துப்புரவாகவும் இழுபடும், குறியும் தப்பாது. ஊசிக்குக் குறுக்கே காவல்முளை இதிலும் உண்டு. எனினும் அம்முளை தவறினால் அப்பால் நிற்பது முழு வலிமையுள்ள வில் என்பதை மறக்கலாகாது.

அதே கம்பெனியின் சற்றுப் பெரிய பி320-க்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதன் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, அதன் சந்தை வடிவம் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பின்புறம் தரையில் மோத விழுந்தால் வெடிப்பதைச் சிலர் சோதித்துக் காட்டினர். காரணம் மிக எளியது. துப்பாக்கி தரையில் மோதி நின்றுவிட்டது. விசையாகிய உலோகத்துண்டு நிற்கவில்லை. பேருந்து திடுமென நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அவ்வாறே விசை தன் கனத்தால் தானே பின்னோக்கி நகர்ந்தது, கொக்கி விட்டது, காவல்முளையும் விசையோடு சேர்ந்தே விலகிற்று. கம்பெனியார் விசையின் கனத்தைக் குறைத்தும், வேறு சில உறுப்புகளை மாற்றியும் பழுது நீக்கித் தந்தனர். தொடாமலே வெடித்தது என்று பிறகும் பல வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களில் எழுந்தன. கம்பெனியார் அதனை மறுக்கின்றனர். ராணுவம் வாங்கியது என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பித் துப்பாக்கிக்கு மதிப்பெண் போடும் தோழர்கள் இதனை இருமுறை படிக்க வேண்டுகிறேன்.

இன்னொன்று, கடையில் எவரும் எடுத்துச் சொல்லாதது. துடைத்து எண்ணெயிடுவதற்குத் துப்பாக்கியைக் கழற்ற வேண்டும். கிளாக்கைக் கழற்றுமுன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். மாகசினைக் கழற்றிவிட்டோம், இனி ஆபத்தில்லை என்று எண்ணி, குழலின் அடியில் தங்கிய ஒற்றைத் தோட்டாவை மறந்து இழுப்பவன் கதி என்னவாகும்? ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் ஷீல்டு மாதிரியில் உள்ளே ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளி, விசையைத் தொடாமலே கழற்றலாம். பி365-உம் விசையைத் தொடாமல் கழலும். வீட்டில் பிள்ளைகளோடு இருப்பவன் கையில் எதைக் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், தோட்டாக் கணக்கைத் தள்ளிவிட்டு இந்த ஒன்றையே முதலில் பார்ப்பேன். ஷீல்டில் கட்டை விரலால் தள்ளும் காவல் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை விற்கிறார்கள் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிதானால் மறைக்க எளிது, சுட அரிது. கை அதிகம் துள்ளும், குறி அதிகம் தவறும்.

இவ்வளவும் சொன்ன பின், பங்காருபேட்டைக்காரர் ஒருவர் இவற்றுள் ஒன்றை வாங்க முடியுமா என்றால், முடியாது! 1980-களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி செய்வது நம் நாட்டில் தடுக்கப்பட்டிருக்கிறது; சுடும் விளையாட்டில் தேர்ந்தோர்க்கே விலக்கு. மேலே கூறியவை பெரும்பாலும் உண்ணும் 9 மில்லிமீட்டர் தோட்டா பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட வகை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர்க்கு உரிமம் இல்லை. ஆக, நம் பட்டிமன்றப் பேச்சாளருள் பலர் அவை ஏறும் தகுதியே இல்லாதவர். 2016-ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் வேண்டுகின்றன. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது. கல்யாண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுட்டாலும் ஈராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

உரிமம் பெற்றவர்க்கு எஞ்சுவது பெரும்பாலும் .32 அளவுதான். நம் அரசாங்க ஆலைகள் 'அசனி' என்ற .32 தானியங்கியையும், .32 சுழல் துப்பாக்கிகளையும் செய்து வந்திருக்கின்றன. 2014-இல் கான்பூரில் பெண்களுக்கென்று சொல்லி வெளியிட்ட 'நிர்பீக்', ஏறக்குறைய அரைக்கிலோ எடையுள்ள சுழல் துப்பாக்கியே, விலை ரூ. 1,22,360. அந்த விலைக்கு வாங்கக்கூடிய பெண்மணி இரவில் பேருந்துக்குக் காத்து நிற்பவரா என்று அப்போதே எழுந்த கேள்வி நியாயமானதுதான். இங்கு ஓர் எச்சரிக்கை: தானியங்கியின் .32 தோட்டாவும் சுழல் துப்பாக்கியின் .32 தோட்டாவும் ஒன்றல்ல. எண் ஒன்று, நீளமும் விளிம்பும் வேறு. பெயரை மட்டும் சொல்லி வாங்கி வருபவர் திருப்பிக் கொடுக்க அலைவார்.

சுழல் துப்பாக்கியைப் பழம்பஞ்சாங்கம் என்று இகழ்கிறார்கள். ஆனால் முதற்கேள்வியை அதனிடம் கேட்டுப் பாருங்கள். குதிரை படுத்திருக்கும்போது அதன் வில் தளர்ந்தே இருக்கிறது. குதிரையை எழுப்புவதற்கே விரல் நெடுந்தூரம், வலிந்து இழுக்க வேண்டும். சுழலும் பகுதியைத் திறந்தால் எத்தனை அறையில் தோட்டா உள்ளது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சுரங்கம் மூடிய பின் தங்கவயலிலிருந்து நாள்தோறும் விடியற்காலை ரெயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கானோரில் காவற்பணி பார்ப்போரும் பலர். வங்கி வாசலில் அத்தகையோர் தாங்கி நிற்கும் 12 போர் துப்பாக்கியும் இவ்வகையில் கபடமற்றதே. நடுவில் மடித்தால் உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் உரிமத்தோடு கடைப்படி ஏறும் பெரியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், நீங்களும் உடன் செல்லுங்கள். துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டச் சொல்லி, பின்பு கழற்றிக் காட்டும்படி கடைக்காரரைக் கேளுங்கள். அவர் மாகசினை முதலில் எடுக்கிறாரா, அடுத்துக் குழலின் அடியை விரல் விட்டுப் பார்க்கிறாரா, கழற்றும்போது விசையை இழுக்க வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.