வெள்ளைப் பொடியில் பிறக்கும் பச்சை ஒளி

வீட்டுச் சுவரில் அடிக்கும் வெள்ளைப் பெயிண்டுக்கு அந்த வெண்மையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. பற்பசையிலும் சன்ஸ்கிரீனிலும் இதே பொடிதான். இதற்கு மூலமான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கருமையாகக் கலந்து கிடக்கிறது. இந்தப் பொருளில் செய்த நுண்ணிய பாதைக்குள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் பச்சை ஒளியை வரவழைத்துக் காட்டியது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கும் எரிக் மசூர் குழு.

ஒளி சாதாரணமாக நிறம் மாறுவதில்லை. கண்ணாடிக்குள் நுழைந்த சிவப்பு, சிவப்பாகவே வெளியே வரும். ஒளி மிகச் செறிவாக இருந்தால்தான் கதை மாறுகிறது. அப்போது பொருளிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் அதிர்வெண்ணோடு, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்ணிலும் ஆடும். 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர், 694 நானோமீட்டர் ரூபி லேசர் ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் பாய்ச்சி, 347 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பெற்றார்கள். அதற்குச் சான்றான மங்கிய புள்ளி அச்சான படத்தில் இல்லை. அச்சிட்டவர்கள் அதை அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டார்கள்! இத்தனைக்கும் ஒரு புதிய துறையே பிறந்த தருணம் அது.

அன்று தேவைப்பட்ட பெரிய லேசரின் வேலையை இன்று சில்லுக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அகலமுள்ள அலைநடத்தி என்னும் பாதைக்குள் ஒளியை நெருக்கினால், குறைந்த திறனிலேயே செறிவு கிடைத்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.4; சுற்றியுள்ள சிலிக்கா கண்ணாடிக்கு 1.45. இந்த வேறுபாடுதான் ஒளியைக் கசியவிடாமல் உள்ளே பிடித்துவைக்கிறது.

சிலிக்கானிலேயே செய்தால் என்ன? அங்கேதான் ஓர் எளிய கணக்கு குறுக்கே நிற்கிறது. தொலைத்தொடர்பில் பயன்படும் 1,550 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 0.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். இரண்டு சேர்ந்தால் 1.6. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது ஒளியை விழுங்க அதற்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 1.1 மட்டுமே என்பதால், செறிவு கூடக்கூட அது ஒளியை இரண்டிரண்டு ஃபோட்டான்களாக விழுங்கிவிடும். டைட்டானியம் டை ஆக்சைடில் அந்த இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்டுக்கும் மேல். ஆகவே ஒளி தப்பிக்கிறது. மூன்று ஃபோட்டான்கள் இணைந்து 517 நானோமீட்டர் பச்சையாக மாறினாலும், அந்தப் பச்சைக்கும் அது ஊடுருவும் பொருளே.

குறை இல்லாமல் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடுப் படலத்தின் சொரசொரப்பிலும் படிகத் துகள்களின் எல்லைகளிலும் ஒளி சிதறி வீணாகிறது. இந்த இழப்பு குறையும்வரை, சில்லுக்குள் ஒளியை நடத்தும் போட்டியில் மற்றொரு பொருளான சிலிக்கான் நைட்ரைடே முன்னால் நிற்கும்.