பாடும் பெயரும்

விவிலியத்தில் நெகேமியா நூலின் 7-ஆம் அதிகாரத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பாரோஷின் வம்சத்தார் 2,172 பேர், பெத்லகேம் ஊராரும் நெத்தோபா ஊராரும் 188 பேர் என்று அது ஒரு பேரேடுபோல நீளும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களின் பிள்ளைகள், பாரசீக மன்னர் கோரேஸ் கி.மு. 538-இல் அனுமதி தந்த பிறகு ஊர் திரும்பிய கணக்கு அது. எஸ்றா நூலின் 2-ஆம் அதிகாரத்திலும் அதே பட்டியல் சிற்சில எண் மாற்றங்களோடு இருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை அறிந்தவர்கள் அந்தப் பக்கத்தை எளிதில் தாண்ட மாட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் என்ன கிடைக்கும், இல்லாவிட்டால் என்ன போகும் என்று அந்தக் கரைக்குத் தெரியும்.

ஏரியின் தென்முனையில், கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்று மூன்று ஊர்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில்தான் இறால் அதிகம். கடலுக்கும் ஏரிக்கும் போய்வரும் உயிர்கள் எல்லாம் அந்த வழியைக் கடந்தாக வேண்டும். அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும், மீன் மிஞ்சாது. அதற்காக முன்னோர் கண்ட வழி பாடு. நீர்ப்பரப்பை இடம் இடமாகப் பிரித்து, உரிமை உள்ளவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைப்பது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். அதிர்ஷ்டமும் நட்டமும் சுற்றிச் சுற்றி எல்லா வீட்டுக்கும் போகும். காவலரும் நீதிமன்றமும் இல்லாமல் ஒரு நீர்ப்பரப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு உண்ட ஏற்பாடு இது. 1991-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு இதைப் பற்றி ஆய்வேடு ஒன்றை வெளியிடும் அளவுக்கு வெளியுலகின் கவனத்தையும் பெற்றது.

குலுக்கலில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் ஒருவர் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் அந்த ஊரில் பட்டினவர் என்னும் மீனவச் சமூகக் குடும்பத்தில் பிறந்து, மணமுடித்து, தனிக் குடும்பமான ஆண். தகப்பன் பெயரால் மகனுக்கு வருவது. அன்று இதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. இன்னார் மகன் இன்னார் என்பது ஊருக்கே மனப்பாடம். பெரியவர்களின் நினைவுதான் பதிவேடு.

எருசலேமிலும் உரிமை தகப்பன் வீட்டின் வழியாகவே வந்தது. ஆனால் அங்கே நினைவு போதவில்லை. இரண்டு தலைமுறை அந்நிய மண்ணில் கழிந்திருந்தது. தெலாயா, தொபியா, நெகோதா என்னும் வம்சத்தார் 652 பேர் தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று காட்ட முடியாமல் நின்றார்கள். இது எஸ்றாவின் எண், நெகேமியா 642 என்கிறது. ஆசாரியர்களிலும் மூன்று குடும்பத்தார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதனால் பரிசுத்த உணவில் அவர்களுக்குப் பங்கு மறுக்கப்பட்டது. அந்த மூவரில் ஒரு குடும்பத்தின் கதை என்னை விடாமல் தொடர்கிறது. அதன் முன்னோர் ஒருவர் கீலேயாத்து ஊர் பர்சிலாயின் மகளை மணந்து, மாமனார் வீட்டுப் பெயரையே தமதாக்கிக்கொண்டவர். பெண் வீட்டுப் பெயரில் வாழ்ந்த வம்சம், ஆண் வழி எழுதிய ஏட்டில் அகப்படவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: ஊரீம், தும்மீம் உடைய ஓர் ஆசாரியர் எழும்பும்வரை காத்திருங்கள். ஊரீம் தும்மீம் என்பவை கடவுளின் முடிவை அறியப் போடும் சீட்டு போன்றவை என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அங்கேயும் ஏடு கைவிட்ட இடத்தில் குலுக்கலை நம்பியிருக்கிறார்கள்.

பழவேற்காட்டிலும் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் உண்டு. பாடு நீதியானதுதான், ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு. ஏரியில் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதில் இடமில்லை. வலை கட்டும் ஆண் ஒரு நாள் முறைக்குக் காத்திருக்கும்போது, இருளப் பெண் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கைகள் இரண்டையும் நீருக்குள் விட்டு, நாள் முழுதும் தடவிக்கொண்டிருப்பார். ஏரிக்கரையின் முஸ்லிம் மீனவர்களும் தலித் மீனவர்களும் பாட்டுக்கு வெளியே இருந்தவர்களே. 1980-களிலும் 1990-களிலும் ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபோது, ஒதுங்கி நின்றவர்களும் வலையோடு ஏரிக்குள் வந்தார்கள். பாட்டுக்காரர்களுக்கும் அவர்களுக்கும் மோதல்கள் மூண்டன. ஏரி யாருக்கு என்ற கேள்வி அன்றிலிருந்து அடங்கவில்லை. அடங்க வேண்டிய கேள்வியும் அல்ல அது.

இன்று பாட்டுக்குள் இருக்கிற தலைக்கட்டுகள் பெருகிவிட்டன. நான்கு மகன்கள் இருந்த வீட்டில் நான்கு தலைக்கட்டு. பெயர் கூடக் கூட முறை தள்ளிப் போகிறது. ஏரியோ பெருகவில்லை. ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவரும் மண் அடியில் படிந்து ஆழம் குறைகிறது. கோடையில் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் கடல்நீரும் வராது, இறால் குஞ்சும் வராது. அன்று ஒருவர் பெயர் ஏட்டில் ஏறினால் அவருடைய வீட்டு உலை கொதிக்கும். இன்று பெயர் அதே இடத்தில்தான் இருக்கிறது. பாட்டு நாளுக்குக் காத்திருக்க முடியாத மகன் கடலில் ஃபைபர் படகில் ஏறுகிறார், அல்லது எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்.

ஏடுகள் மட்டும் பெருகியிருக்கின்றன. அன்று ஊருக்கு ஒரே கணக்கு, தலைக்கட்டுக் கணக்கு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கூடுதலாகக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடு. இன்று குடும்ப அட்டை, ஆதார், மீனவர் கூட்டுறவுச் சங்கப் பட்டியல், நல வாரிய அட்டை. 2008 நவம்பரில் மும்பையில் கடல்வழித் தாக்குதல் நடந்த பிறகு, கரையோர மீனவர்களின் கைரேகையும் படமும் பதிந்த அடையாள அட்டையும் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்கால நிவாரணம் வேண்டுமானால் அதற்கென ஒரு பட்டியலில் பெயர் வேண்டும். 2025-இன் இறுதியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது, இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ தாய் தகப்பன் பெயரோ எங்கே இருக்கிறது என்று தமிழகம் முழுதும் வீடு வீடாகத் தேடினார்கள். தகப்பன் பெயரைப் பழைய ஏட்டில் தேடும் விரலை அன்று நெகேமியாவின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பெருக்கத்தில் கிடைத்த நன்மை சிறிதல்ல. தலைக்கட்டுக் கணக்கில் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் பல ஊர்களில் நிவாரணம் ஊர் வரிக் கணக்கில் பிரிக்கப்பட்டபோது, கணவனை இழந்தவர்கள் விடுபட்டுப் போனார்கள். கடல் கொண்டுபோன கணவனோடு ஊர்க் கணக்கிலிருந்த இடத்தையும் அவர்கள் இழந்தார்கள். அதே சுனாமிக்குப் பிறகு அரசு கட்டித் தந்த வீடுகளின் பட்டா மனைவி, கணவர் இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. பாட்டு ஏடு நூற்றாண்டுகளாகச் செய்யாததை ஓர் அரசாணை செய்தது. இன்று மகளிர் மீனவர் கூட்டுறவுச் சங்க ஏட்டில் மீன் விற்கும் பெண்களின் பெயர் அவரவர் பெயராகவே இருக்கிறது. எஸ்றாவின் பட்டியலில் அப்படி இல்லை. அது மொத்தம் 42,360 பேர் என்று முடிகிறது. தனித்தனி எண்களைக் கூட்டினால் 29,818-தான் வருகிறது. மீதி 12,542 பேர் யார்? பிற கோத்திரத்தார் என்பார் சிலர், பெண்களும் சிறுவர்களும் என்பார் சிலர். குதிரை 736, கோவேறு கழுதை 245, ஒட்டகம் 435, கழுதை 6,720 என்று பிரித்து எண்ணிய ஏடு அது. பர்சிலாயின் மகளைத் தவிர, பெண்கள் அதில் பாடகிகளாகவும் பணிப்பெண்களாகவும் மட்டுமே கண்ணில் படுகிறார்கள்.

இருளர்களின் நிலை அப்படி மாறிவிடவில்லை. அன்று அவர்களைப் பாட்டு ஏடு சேர்க்கவில்லை. இன்று அவர்களுக்கென்றே ஓர் ஏடு இருக்கிறது, பழங்குடியினர் பட்டியல். ஆனால் அதில் தாம் இருப்பதை நிறுவ வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையிலேயே விழுகிறது. பிள்ளையின் படிப்புக்கும் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தகப்பனின் சான்றிதழைக் கேட்பார்கள். தகப்பன் பள்ளிக்கே போகாதவர், தாத்தா ஏரியையும் காட்டையும் தவிர வேறெங்கும் பெயர் பதியாதவர். நெகோதாவின் வம்சத்தார் எந்த வாசலில் நின்றார்களோ அந்த வாசலில்தான் இந்தப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். என் மனம் இவர்கள் பக்கம்தான். ஏரியோடு எல்லாரைவிடவும் நெருங்கி வாழ்ந்தவர்களிடம் ஏரிக்காரர் என்பதற்குச் சான்று கேட்பது பெருங்கொடுமை.

திரும்பி வந்தவர்களின் பட்டியலைப் பேசும்போது திரும்பாதவர்களையும் சொல்ல வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவு, ராக்கெட் தளத்துக்காக 1969 முதல் கையகப்படுத்தப்பட்டது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் பறந்தது. தீவின் காட்டில் கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த ஏனாதிகளும் தீவின் பிற குடிகளும் வெளியேற நேர்ந்தது. அன்று தீவில் விறகு பொறுக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ராக்கெட் ஏறுவதை நீருக்கு இப்பால் நின்று பார்க்கிறார்கள். ஏவும் நாளில் அந்தப் பக்கத்துக் கடலுக்கு மீனவர்கள் போகக்கூடாது. நாட்டுக்கு அந்தத் தளத்தால் கிடைத்த பெருமை உண்மை. தீவுக்குத் திரும்பியவர் பட்டியல் என்று ஒன்று இல்லை என்பதும் உண்மை.

அதற்கும் முன்னால் ஒரு சிறையிருப்பு உண்டு. 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து துணியோடு சேர்த்து ஆட்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏட்டில் அவர்கள் வெறும் தலை எண்ணிக்கை. பாபிலோனில் சிறையிருந்த யூதர்களுக்குக் களிமண் பலகைகளாவது மிஞ்சின. யாகூது என்ற அவர்களது குடியிருப்பைச் சொல்லும், கி.மு. 572 தொடங்கிய ஆப்பெழுத்துப் பலகைகளில் கடன் வாங்கியவர், குத்தகை எடுத்தவர் என்று தகப்பன் பெயரோடு அவர்கள் வாழ்கிறார்கள். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் கம்பெனிக்காரர்களின் பெயர்கள் கருங்கல்லில் இன்றும் அழியாமல் இருக்கின்றன. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. தொல்லியல் துறை அந்த இடத்தைப் பாதுகாக்கிறது. கப்பலேறிய நம்மவர்களின் பெயர்களுக்கு அப்படி ஒரு கல் இந்த ஊரில் இல்லை.

நெகேமியா நூலில் இன்னொரு பட்டியல் உண்டு, 3-ஆம் அதிகாரத்தில். அதில் வம்சத்தின் உரிமை பேசப்படவில்லை. எருசலேமின் இடிந்த மதிலை யார் யார் எந்தப் பகுதியில் கட்டினார்கள் என்பது மட்டுமே இருக்கிறது. பொற்கொல்லர் இருக்கிறார், தைலக்காரர் இருக்கிறார், தன் குமாரத்திகளோடு கட்டிய ஒருவர் இருக்கிறார். அட்டவணை கிடைக்காமல் ஒதுக்கப்பட்ட மூன்று ஆசாரியக் குடும்பங்களில் ஒன்று கோஸின் குடும்பம். கோஸின் பேரன், உரியாவின் மகன் மெரெமோத் என்று ஒருவர் இந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் வருகிறார். ஒரு பகுதியைக் கட்டி முடித்து, இன்னொரு பகுதியையும் கட்டியிருக்கிறார். எஸ்றாவின் 8-ஆம் அதிகாரத்தில் உரியாவின் மகன் மெரெமோத், ஆசாரியராக ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்குகிறார்.

பழவேற்காட்டில் முகத்துவாரம் அடைபடும் கோடைகளில் மீனவர்கள் மண்வெட்டியோடு மணலில் இறங்கி வாய்க்கால் வெட்டிக் கடலைத் திறந்துவிட்டதுண்டு. இப்போது இயந்திரங்கள் வருகின்றன, அரசு கல்லால் கரைச்சுவர் கட்டும் வேலையையும் எடுத்தது. வெட்டிய வாய்க்கால் வழியே கடல்நீர் ஏறும்போது பாட்டு இடத்தையும் தாண்டி, தடவிப் பிடிப்பவர்களின் சேற்றுக்கும் இறால் குஞ்சு போய்ச் சேரும். அந்த நாள்களில் மணல் அள்ளியவர்களின் பெயரை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.