ஒரே உறையில் இரண்டு கத்தி!

செல்போனில் ஒரு பிரஷர் குக்கரின் விலையைப் பார்க்கிறீர்கள். வாங்கவில்லை. மறுநாள் செய்தி படிக்கப் போனால், அங்கே குக்கர் விளம்பரம்! சமையல் குறிப்பு பார்க்கப் போனால், அங்கேயும் குக்கர்!

நீங்கள் போகும் இடமெல்லாம் யாரோ பின்தொடர்கிறார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

இரண்டு காவலாளிகள்

இதற்கு இரண்டு காவலாளிகள் உண்டு.

ஒன்று, விளம்பரத் தடுப்பான். விளம்பரத்தையும், வேவு பார்ப்பவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

மற்றொன்று, வி.பி.என். இது ஒரு சுரங்கப்பாதை போன்றது. ரெயில் நிலையத்து இலவச வைபையில் கூட, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று மற்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால், வி.பி.என். மட்டும் இருந்தால் விளம்பரம் நிற்காது. அதுவும் அதே சுரங்கத்தின் வழியே வந்து சேரும்!

"அப்படியானால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே!" என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

நாற்காலி ஒன்றுதான்!

ஆண்ட்ராய்டு செல்போனில் ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என்.தான் இயங்கும். செல்போன் முழுவதும் விளம்பரத்தைத் தடுக்கும் செயலிகள் பல, அந்த வி.பி.என். நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை செய்கின்றன. நீங்கள் வேறொரு வி.பி.என்.னை இயக்கியதும், தடுப்பான் எழுந்து போய்விடும்!

இதற்கு வழி இரண்டு.

விளம்பரத் தடுப்பும் சேர்ந்தே உள்ள வி.பி.என்.னைத் தேர்ந்தெடுக்கலாம். சுவீடன் நாட்டு முல்வாட் அப்படிப்பட்டது. சுவிட்சர்லாந்தின் புரோட்டானிலும், பணம் கட்டுவோருக்கு இந்த வசதி உண்டு.

அல்லது, பயர்பாக்சில் "யூபிளாக் ஆரிஜின்" என்ற இலவசத் தடுப்பானைச் சேர்க்கலாம். இது பயர்பாக்சுக்கு உள்ளேயே இருப்பதால், எந்த வி.பி.என்.னோடும் சண்டை போடாது. ஆனால், மற்ற செயலிகளில் வரும் விளம்பரத்தை இது தடுக்காது.

வேலியே பயிரை மேய்ந்தது!

வி.பி.என். உங்களை வழியில் எட்டிப் பார்ப்பவர்களின் கண்ணிலிருந்து மறைக்கும். அதை நடத்துபவரின் கண்ணிலிருந்து மறைக்காது. இதை மறந்துவிடாதீர்கள்!

"ஒனாவோ" என்று ஒரு இலவச வி.பி.என். இருந்தது. 2013-ல் பேஸ்புக் நிறுவனம் அதை வாங்கியது. பாதுகாப்பு தருவதாகச் சொன்ன அந்தச் செயலி, மக்கள் எந்தெந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தைப் பேஸ்புக்குக்குக் கொடுத்தது! 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து அது நீக்கப்பட்டது. 2019-ல் மூடப்பட்டது. 2023-ல் ஆஸ்திரேலியக் கோர்ட்டு, பேஸ்புக்கின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அதே 2023-ல், முல்வாட் அலுவலகத்துக்குச் சுவீடன் போலீசார் சோதனை வாரண்டுடன் வந்தார்கள். வாடிக்கையாளர் விவரம் எதையும் அங்கே சேர்த்து வைக்கவில்லை. போலீசார் வெறுங்கையோடு திரும்பினார்கள்!

எனவே, வி.பி.என். வாங்கும் முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். நடத்துவது யார்? என் போக்குவரத்தைக் குறித்து வைப்பார்களா? விளம்பரத் தடுப்பும் சேர்ந்து கிடைக்குமா?

இலவசம் என்றால் நான்காவதாக ஒரு கேள்வி: இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?