தூரம் ஒன்று, நேரம் வேறு

பக்கத்தில் இருந்த விமான நிலையம் விலகிப்போனது. சுற்றுவழியில் அமெரிக்காவோ நெருங்கி வந்தது.

ஹைதராபாத்தின் போவன்பள்ளிக்காரர்களுக்கு விமானம் பிடிப்பது ஒரு காலத்தில் பஸ் பிடிப்பது மாதிரி. பேகம்பேட்டை விமான நிலையம் கூப்பிடு தூரம். பெட்டியை ஆட்டோவில் ஏற்றினால் போதும். 2008 மார்ச் 22 நள்ளிரவோடு அந்தச் சௌகரியம் போயிற்று. பயணிகள் விமானங்கள் எல்லாம் ஷம்ஷாபாத்துக்கு இடம் மாறின. இப்போது நகரின் வட கோடியிலிருந்து தென் கோடிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

பிறந்தது ஒரு விசித்திரக் கணக்கு. சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 520 கி.மீ.; வானில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். நெரிசல் வேளையில் வீட்டிலிருந்து ஷம்ஷாபாத் சேர அதைவிட அதிகம் ஆகிவிடலாம். பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு தனி. கண்டோன்மென்ட் காலத்திலேயே செகந்திராபாத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் இரவு ரயிலே மேல் என்று நினைத்தால் வியப்பில்லை. நகரைச் சுற்றும் 158 கி.மீ. வெளிவட்டச் சாலையில் போனால் கிலோமீட்டர் கூடும். ஆனால் சிக்னல் இல்லை.

வானத்திலும் இதே கதைதான். டில்லி - சான்பிரான்சிஸ்கோ நேரடி விமானத்தை ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாக விட்டது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆனது, நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணியானது. காரணம் காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் 'ஜெட்' காற்றோட்டம், கிழக்கே போகும் விமானத்தை முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. மேற்கே போவதை மறிக்கிறது.

காற்று மட்டுமல்ல, அரசியலும் பாதையை வளைக்கும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டில்லியிலிருந்து வட அமெரிக்கா போன சில விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்க நேர்ந்தது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரமும் ஏமாற்றும். புறப்பாடு, வருகை இரண்டுமே அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான். கோடையில் சான்பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி பின்னே. அதிகாலை நான்கு மணிக்கு டில்லியில் ஏறிப் பதினான்கரை மணி பறந்தவர், அங்கே அதே தேதியில் காலை ஆறு மணிக்கு இறங்குவார். கடிகாரத்துக்கு இரண்டு மணி, முழங்காலுக்குப் பதினான்கரை.

கடல் கடந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயோதிகப் பெற்றோருக்கும், அவசரச் செய்தி கேட்டு ஓடிவரும் பிள்ளைகளுக்கும் கிலோமீட்டர் கணக்கு உதவாது. வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை எத்தனை மணி? கேட்க வேண்டியது அதைத்தான். போவன்பள்ளியில் அந்தக் கணக்கு ஷம்ஷாபாத் சாலையிலேயே தொடங்கிவிடுகிறது.