இழுக்கும் இன்ஜின் போதுமா?

மீன்பாடி வண்டியைச் சென்னை வணிகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மிதித்து ஓட்டச் செய்த மூன்று சக்கர வண்டியில், புதுப்பேட்டையில் வாங்கிய பழைய ஸ்கூட்டர் அல்லது மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தி விடுகிறார்கள். இன்ஜின் இழுக்குமா என்று பார்க்கிறார்களே தவிர, வண்டி நிற்குமா என்று பார்ப்பதில்லை. இரண்டு பேரைச் சுமக்கச் செய்த ஸ்கூட்டரின் பிரேக், பத்து மூட்டை அரிசியைப் பாலத்துச் சரிவில் எப்படி நிறுத்தும்? மிதிவண்டி அச்சு எத்தனை நாள் தாங்கும்?

வாடகை குறைவு என்று நாமும் பல ஆண்டுகள் இதில் சரக்கு அனுப்பியவர்கள்தாம். ஒருநாள் அச்சு முறிந்து துவரம் பருப்பு சாக்கடையில் கொட்டியது. ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. வண்டிக்குப் பதிவும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. வைத்தியச் செலவை நாமே ஏற்றோம். மிச்சம் பிடித்த வாடகையெல்லாம் ஒரே நாளில் போயிற்று.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவும் மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாத மோட்டார் வண்டி பொதுச் சாலையில் ஓடக் கூடாது. ஆகவே, மூட்டை ஏற்றுமுன் இரண்டு தாள்களையும் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டுபவரின் பிழைப்பு என்னாவது என்பீர்கள். கால் குணமானதும், பதிவான பழைய சரக்கு ஆட்டோ வாங்க அவருக்கு முன்பணம் கொடுத்தோம். வாராவாரம் வாடகையில் கழித்துக் கொண்டோம். கணக்கு நேராயிற்று, நமது மனமும் நிம்மதியாயிற்று.