மட்டக்குதிரையின் முதுகில் வெள்ளை முடி

பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி பிடிக்கிறவர்கள் பேரம் பேசுவதோடு சரி, குதிரையைப் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஏறுவதற்கு முன், பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் எலும்பு மேட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பழுப்புக் குதிரைக்கு அந்த இடத்தில் மட்டும் திட்டாக வெள்ளை முடி இருக்கிறதா? பெரும்பாலும் அது சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறிய இடம். அங்கே முடி நிறமிழந்துதான் முளைக்கும். மார்பிலும், வயிற்றுவார் உரசும் முன்னங்கால் இடுக்கிலும் இதே தடயம் தெரியும்.

சாட்டையால் அடித்தால் தெருவே தட்டிக் கேட்கும். பொருந்தாத வாரை யாரும் கேட்பதில்லை. வார் பொருந்தாமல் போவதற்குக் காரணம் பல சமயம் சிக்கனம்தான். பெரிய குதிரைக்குத் தைத்த பழைய சேணத்தை வாங்கி, ஆணியால் இரண்டு துளை கூடுதலாகப் போட்டு மட்டக்குதிரைக்கு மாட்டிவிடுகிறார்கள். துளை போட்டால் வாரின் நீளம் குறையும். ஆனால் பக்கிள் இடம் மாறி எலும்பின்மேல் வந்து உட்காரும், புண் அங்கேதான் தொடங்கும்.

இதைச் சட்டம் எப்போதோ கவனித்துவிட்டது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960இல். அதற்காக மாநிலங்களவையில் முதலில் வாதாடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். புண்ணோடும் நோயோடும் உள்ள விலங்கை வேலைக்குப் பூட்டுவது அச்சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். இழுவை, பொதி விலங்குகளுக்கென்று 1965இல் வந்த விதிகள் இன்னும் நுணுக்கமானவை. சேணத்தின் வளைவுக்கும் முதுகு மேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். முள் கடிவாளம், கூர்முனை வைத்த சேணம், தார்க்குச்சி எதுவும் ஆகாது. வண்டிக்காரரையும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் விட்டால் நான்கு பேர்தான் ஏறலாம். மட்டக்குதிரை இழுக்கும் இருசக்கர வண்டியில் காற்றடைத்த டயர் என்றால் பாரம் 600 கிலோ வரை, இல்லாவிட்டால் 400 கிலோ வரை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், ஓய்வில்லாமல் ஐந்து மணி நேரம் என்பது வேலையின் உச்சவரம்பு. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது.

அபராதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். 11ஆம் பிரிவின்கீழ் முதல் குற்றத்துக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால்தான் சிறை என்ற பேச்சே வரும். அதனால் வழக்கை நம்பியிருப்பதைவிட வாரைச் சரியாகக் கட்டுவது குதிரைக்குச் சீக்கிரம் பலன் தரும்.

மார்புப்பட்டை தோள்மூட்டுக்கு மேலேயும் கழுத்தடியில் மூச்சுக்குழலுக்குக் கீழேயும் நிற்க வேண்டும். ஏறினால் மூச்சு முட்டும், இறங்கினால் கால் எட்டுவைக்காது. கடிவாள இரும்பு வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் அளவுக்கு உட்கார்ந்தால் போதும். மட்டக்குதிரையின் வாய் சிறியது, நாக்கோ அதற்குத் தடிமன். பெரிய குதிரையின் இரும்பு அதற்குப் பொருந்தாது. தொடைக்குப் பின்னால் சுற்றிவரும் வாரை வேண்டாத சுமை என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. சரிவில் வண்டியைத் தாங்கி நிறுத்துவது அந்த வார்தான். அது இல்லாவிட்டால் வண்டி குதிரையின் பின்புறத்தில் முட்டும், குதிரை மிரளும். ஆள் ஏறியதும் ஏர்க்கால் முதுகை அழுத்தினால் பாரம் முன்னால் சாய்ந்திருக்கிறது, ஆட்களைப் பின்னால் நகர்த்தி உட்கார வையுங்கள். மெத்தை இல்லாத குறுகிய நைலான் பட்டை வியர்வையோடு சேர்ந்து தோலை அறுக்கும். மலிவு என்று அதை வாங்காதீர்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. வண்டியில் பூட்டியிருக்கும்போது, தண்ணீர் காட்டுவதற்காகக்கூட, கடிவாளத்தைக் கழற்றக் கூடாது. கண்மறைப்பும் அதோடு கழன்றுவிடும். பின்னால் வண்டி தொற்றிக்கொண்டிருப்பதைத் திடீரென்று பார்க்கும் குதிரை தறிகெட்டு ஓடும், பிடித்து நிறுத்த லகானும் இருக்காது. முதலில் வண்டியை அவிழ்த்துவிட்டுப் பிறகுதான் கடிவாளம்.

புண் வந்துவிட்டால் உப்பு நீரால் கழுவுங்கள். கிரீஸ், பழைய என்ஜின் ஆயில் வைத்தியம் வேண்டாம். குதிரைக்கு ரணஜன்னி எளிதில் வரும், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். புண் ஆறும்வரை வார் அதன்மேல் படவே கூடாது.

பயணியாக இருந்தால் ஐந்தாவது ஆளாக ஏறாதீர்கள். புண்ணைக் கண்டால் முதலில் வண்டிக்காரரிடமே பக்குவமாகச் சொல்லுங்கள். அவருடைய பிழைப்பும் அந்தக் குதிரைதான். கேட்காவிட்டால் புண்ணையும் வண்டியையும் படமெடுத்து, இடமும் நேரமும் குறித்து, காவல் நிலையத்திலோ மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திலோ எழுத்தில் புகார் கொடுங்கள்.