தாழ்ப்பாள் இல்லாத விடுதி

மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த விடுதிப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், வேலியை ஒட்டி இருக்கிறது. விளக்கில்லை, கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நம் மாவட்டத்து ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதி ஒன்றில், எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு விடுதியில் படித்தவள் நான். எங்களுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

விடுதி என்றாலே சோற்றைப் பற்றித்தான் பேச்சு. பள்ளி மாணவர் உணவுப்படி 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. மூன்று வேளைக்கும் சேர்த்து நாளைக்கு 47 ரூபாய்கூட வராது. அதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு தாழ்ப்பாள் வாங்க எந்தப் படியும் உயர வேண்டியதில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் பகலில் வந்து சாம்பாரை ருசி பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு யாரும் வருவதில்லை. காப்பாளினியை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, அவர் பொறுப்பில் இன்னொரு விடுதியும் இருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் ‘சமூகநீதி விடுதி’ என்று மாறியிருக்கிறது.

“சும்மா வச்சுப் படிக்க வைக்கிறாங்க, கேட்டா சீட்டு போயிரும்மா” என்கிறார் அந்தப் பிள்ளையின் தாய். அவர் கேட்க வேண்டாம். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் ஊர் விடுதியில் கடைசியாகப் பராமரிப்பு வேலை நடந்தது எப்போது, செலவு எவ்வளவு என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098க்கு உடனே கூப்பிடலாம், கட்டணமில்லை.